ஒரு டிகிரி நீலம்

திரவப் படிகங்களின் வரலாற்றை எந்தப் புத்தகத்தில் திறந்தாலும் முதல் பக்கத்தில் ஒரு தாவரவியலாளர் நிற்பார். பெயர் ஃபிரீட்ரிஷ் ரெய்னிட்சர். ஊர் பிராக். ஆண்டு 1888. கையில் கொலஸ்டெரில் பென்சோயேட் என்கிற வெள்ளைத் தூள். கொலஸ்ட்ராலின் சரியான வாய்பாட்டைத் தேடிப் போனவர், அதிலிருந்து தயாரித்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தூள் 145.5 டிகிரி செல்சியஸில் உருகியது. ஆனால் தெளியவில்லை, பால் மாதிரி கலங்கி நின்றது. இன்னும் சூடாக்கினார். 178.5 டிகிரியில் சட்டென்று தண்ணீராய்த் தெளிந்தது. ஒரே பொருள், இரண்டு உருகுநிலை. சுத்தமான பொருள் ஒரு தடவைதான் உருகும் என்று படித்திருந்த காலத்தில் இது கொஞ்சம் அசிங்கமான முடிவு. ‘சாம்பிளைச் சுத்தம் பண்ணிட்டு வாப்பா’ என்று எந்தப் பேராசிரியரும் திருப்பி அனுப்பியிருப்பார்.

இதுவரை உள்ள கதை வினாடி வினாவில் கேட்கிற அளவுக்குப் பிரபலம். என்னை இழுத்துப் பிடித்தது வேறு ஒரு விஷயம். 1888 மார்ச் 14 அன்று ரெய்னிட்சர், ஆஹன் நகரில் இருந்த இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சூடாக்கும்போது நடப்பதைச் சொல்லிவிட்டு, ஆறவிடும்போது நடப்பதையும் அதில் சொல்கிறார். தெளிந்த திரவம் ஆறத் தொடங்கியதும் ஊதாவும் நீலமுமாக ஒரு நிறம் எழுகிறது. சீக்கிரமே மறைந்துவிடுகிறது. பிறகுதான் பால் கலங்கல். இன்னும் ஆறினால், உறையப்போகும் நேரத்தில் மறுபடியும் ஊதா, நீலம். அதன் பின் வெள்ளைக் கட்டி.

இரண்டாவது நிறத்தை விட்டுவிடுவோம். முதலில் வந்து போன நீலம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். தெளிந்த திரவத்துக்கும் பால் கலங்கலுக்கும் நடுவில், வெறும் ஒரு டிகிரி அகலமுள்ள சந்துக்குள் வந்து போகிற நீலம். அது பருப்பொருளின் தனி நிலை என்று ஒத்துக்கொள்ளப்பட 85 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இத்தனைக்கும் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. பார்த்தார்கள், எழுதியும் வைத்தார்கள். திரவப் படிகம் என்று ஒன்று உண்டு என நிரூபித்த அதே சோதனைதான் இந்த நீலத்தை மறைத்துவிட்டது என்பது என் வாசிப்பு.

ரெய்னிட்சர் லேமனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. லேமனிடம் ஒரு கருவி இருந்தது: மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே பார்க்கக்கூடிய நுண்ணோக்கி. அதில் மாதிரிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக, ஒளியை ஒரே தளத்தில் வடிகட்டும் இரண்டு வடிகட்டிகள். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் வெளிச்சம் வராது, கும்மிருட்டு. நடுவில் தண்ணீரை வைத்தாலும் இருட்டுதான். பெரும்பாலான படிகங்களை வைத்தால் பளிச்சென்று ஒளிரும். படிகத்துக்குள் திசைக்குத் திசை ஒளியின் வேகம் மாறுவதால் வருவது இது. இரட்டை ஒளிவிலகல் என்று பள்ளியில் படித்திருப்போம்.

கலங்கலாக ஓடிக்கொண்டிருந்த அந்தத் திரவம் லேமனின் நுண்ணோக்கியில் ஒளிர்ந்தது. திரவம் மாதிரி ஓடுகிறது, படிகம் மாதிரி ஒளியைப் பிரிக்கிறது. 1889-ல் ‘ஓடும் படிகங்கள்’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். அந்த வருடமே கார்ல்ஸ்ரூஹேவில் ஹெய்ன்ரிஷ் ஹெர்ட்ஸ் விட்டுப்போன நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

நம்பினார்களா? இல்லை. குஸ்டாவ் டாம்மான் என்ற பெரிய வேதியியலாளர், இது படிகமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, அழுக்குக் கலந்த பால்மம் என்று அடித்துச் சொன்னார். தண்ணீரில் எண்ணெய்த் துளி மிதப்பது போல ஒரு திரவத்துக்குள் இன்னொன்று மிதக்கிறதாம், கலங்கல் அதனால்தானாம். சண்டை வருடக்கணக்கில் நடந்தது. ஹாலேயில் டானியல் ஃபோர்லாண்டர் இந்த மாதிரியான சேர்மங்களை நூற்றுக்கணக்கில் செய்து குவித்து, நீளமான கம்பி வடிவ மூலக்கூறுகள்தான் இப்படி நடந்துகொள்கின்றன என்று காட்டிய பிறகே டாம்மான் கட்சி மெல்ல ஓய்ந்தது.

இப்போது அந்த நீலத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். டாம்மான் பக்கத்தில் நின்றால், பால்மத்தில் நீலச்சாயல் தெரிவது ஒன்றும் அதிசயம் இல்லை. தண்ணீர் கலந்த பாலிலும் தெரியும். லேமன் பக்கத்தில் நின்றால், திரவப் படிகத்துக்கு அடையாளமே இரட்டை ஒளிவிலகல். நீலத்தில் அது கிடையாது. ஆக அது ஒளிராத திரவம்தான், என்ன, கொஞ்சம் நிறமாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கட்சியிலும் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

1922-ல் லேமன் இறந்தார். அதே ஆண்டு பிரான்ஸில் ஜார்ஜ் ஃப்ரீடெல் 200 பக்கத்துக்கு மேல் நீண்ட ஒரு கட்டுரை எழுதி, இந்தத் துறைக்கு இன்றுவரை நிற்கும் பெயர்களைக் கொடுத்தார். நூல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து நெமாட்டிக். அதில் மூலக்கூறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசை பார்த்துக் கிடக்கும், வரிசை கிடையாது. சோப்பு என்பதிலிருந்து ஸ்மெக்டிக். இதில் அடுக்கடுக்காக நிற்கும். மூன்றாவது கொலஸ்டெரிக், ரெய்னிட்சரின் பொருளை ஒட்டி வைத்த பெயர். கொலஸ்ட்ரால் என்ற சொல்லே பித்தம் என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. முதன்முதலில் அது பித்தக்கற்களில் கிடைத்தது. இயற்கையின் அழகான நிறங்கள் சிலவற்றைத் தருகிற ஒரு நிலைக்கு இப்படிப் பித்தம் பிடித்த பெயர் அமைந்துவிட்டது.

கொலஸ்டெரிக் என்பது தனி இனம் இல்லை, முறுக்கேறிய நெமாட்டிக்தான் என்று ஃப்ரீடெல் கண்டுகொண்டார். முறுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு வசதி உண்டு. சங்கில் வலம்புரி, இடம்புரி என்று நம் ஆட்கள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள். (நாம் பூஜையறையில் வைக்கிற வலம்புரியை விலங்கியல்காரர்கள் இடச்சுருள் என்பார்கள். சங்கை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறோம் என்பதில் வருகிற குழப்பம் அது.) எப்படித் திருப்பினாலும் புரட்டினாலும் ஒரு புரி இன்னொரு புரியாக மாறாது. கண்ணாடியில் காட்டினால் மட்டுமே மாறித் தெரியும். இப்படி, தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறுகளைக் கைரல் என்கிறோம். 1890களில் கெல்வின் பிரபு, கை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து உண்டாக்கிய சொல் அது. தமிழில் முதல் எழுத்தே ‘கை’ என்று அமைந்தது தற்செயல். நல்ல வசதியான தற்செயல்.

உயிர்கள் செய்கிற கொலஸ்ட்ரால் ஒரே புரி. அத்தகைய மூலக்கூறு பக்கத்து மூலக்கூறோடு நேராகப் படுத்துக்கொள்ளாது. துளியூண்டு திரும்பித்தான் படுக்கும். அடுத்தது இன்னும் துளி. இப்படியே போனால் சுழல் படிக்கட்டு மாதிரி ஓர் அமைப்பு வந்துவிடும். வலது புரியையும் இடது புரியையும் சரியளவில் கலந்தால் முறுக்குப் போய்ச் சாதா நெமாட்டிக் ஆகிவிடும்.

படிக்கட்டு ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை வைத்து நிறம். அந்த உயரம் 300 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் 1.5 என்று வைத்துக்கொண்டால், பெருக்கி வருகிற 450 நானோமீட்டர் ஒளி, அதாவது நீலம், திரும்பி வரும். சாயம் எதுவும் இல்லை. அதிலும் ஒளியின் ஒரு புரிதான் திரும்பும். மற்றப் புரி ஊடுருவிப் போய்விடும். 1911-ல் ஆல்பர்ட் மைக்கல்சன், ஒளியின் வேகத்தை அளந்தவர், பொன்னிற வண்டு ஒன்றின் ஓடு இப்படி ஒரே புரி ஒளியைத் திருப்புவதைப் பார்த்து, உள்ளே மூலக்கூறு அளவில் திருகு போன்ற ஏதோ இருக்க வேண்டும் என்று எழுதினார். வண்டுக்காரர்களும் திரவப் படிகக்காரர்களும் இதை ஒரே விஷயமாகப் பேச 1960களின் கடைசி வரை ஆயிற்று.

இந்த ஒளியியலைக் கணக்காக்கியதில் நம் பக்கத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. டச்சுக்காரர் டி ஃப்ரீஸ் 1951-ல் ஒரு கோட்பாடு தந்தார். 1968-ல் மைசூர் பல்கலைக்கழகத்தில் இருந்த எஸ். சந்திரசேகர், ஸ்ரீநிவாச ராவோடு சேர்ந்து, படிகங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதைக் கணக்கிடும் முறையை அப்படியே இந்த முறுக்கு அடுக்குகளுக்குப் பொருத்தினார். இவர் நட்சத்திர சந்திரசேகர் இல்லை. சி.வி. ராமனின் தங்கை மகன். ராமனிடமே படிகங்களின் ஒளிச்சுழற்சியை ஆராய்ந்து பழகியவர். 1977-ல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது, கம்பி வடிவம் மட்டுமல்ல, தட்டு வடிவ மூலக்கூறும் திரவப் படிகமாகும் என்று சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் கண்டுபிடித்துக் காட்டினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

1930களுக்குப் பிறகு துறை ஏறக்குறைய தூங்கிப்போயிற்று. எதற்கும் உபயோகமில்லாத வினோதம் என்றுதான் பெயர். எழுப்பிவிட்டது முறுக்கு நிறம். 1960களில் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஃபெர்கசன், கொலஸ்டெரிக் கலவைகளின் நிறம் வெப்பத்தோடு மாறுவதை வெப்பமானியாக்கினார். சூடு ஏறினால் படிக்கட்டு பொதுவாக இறுகும், நிறம் சிவப்பிலிருந்து நீலத்துக்கு நகரும். 1975-ல் அங்கே பைத்தியம் பிடித்த மாதிரி விற்ற ‘மூடு’ மோதிரத்தில் இருந்ததும் இதுதான். மோதிரம் காட்டியது மனநிலையை இல்லை, விரல் சூட்டை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் என்றால் நெற்றியில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை வைத்துப் பார்ப்போம். 38 என்ற எண் பச்சையாகத் தெரிந்தால் டாக்டர் வீட்டுக்கு ஓட்டம். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் வேறு வேறு கலவை இருக்கிறது என்பதெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்?

நீலத்துக்குத் திரும்புவோம். இங்கிலாந்தின் ஹல் நகரப் பல்கலைக்கழகம் பெரிய பெயர் இல்லாத இடம். அங்கே ஜார்ஜ் கிரே என்ற வேதியியலாளர், யாரும் சீந்தாத காலத்திலேயே திரவப் படிகங்களைச் செய்துகொண்டிருந்தார். 1956-லேயே கொலஸ்டெரில் எஸ்டர்களில் அந்த நீலத்தைக் கவனித்துப் பதிவு செய்தார். நீலமாக இருக்கிறது, இரட்டை ஒளிவிலகல் இல்லை. 1969-ல் ஆல்ஃபிரட் சௌபே, அதன் உள்ளமைப்பு கனசதுரமாக இருக்கலாம் என்றார். இது பெரிய பாய்ச்சல். உப்பும் வைரமும் கனசதுரப் படிகங்கள், அவை இரட்டை ஒளிவிலகல் காட்டாது. எல்லாத் திசையும் சமம் என்பதால் குறுக்கு வடிகட்டிகளுக்கு நடுவில் அவையும் இருட்டாகத்தான் இருக்கும். லேமனின் சோதனையில் ஒளிரவில்லை என்பதற்கு, ஒழுங்கே இல்லை என்று அர்த்தமில்லை. ஒழுங்கு மிகச் சீராக இருப்பதாலும் ஒளிராமல் போகலாம்.

1973-ல் டேவிட் கோட்ஸும் கிரேயும் ஒரு சின்னக் கட்டுரையில் இதற்கு ‘நீல நிலை’ என்று பெயர் வைத்தார்கள். அதே 1973-ல் அதே கிரே, ஹாரிசன், நாஷ் ஆகியோரோடு இன்னொரு சின்னக் கட்டுரை எழுதினார். அறை வெப்பத்தில் நிலையாக இருக்கும் சயனோபைஃபினைல் என்ற நெமாட்டிக் சேர்மங்களைப் பற்றியது அது. கைக்கடிகாரம், கால்குலேட்டர் என்று உலகத்து எல்சிடி திரைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பின. ஒரே மனிதர், ஒரே வருடம். ஒரு கட்டுரை தொழிற்சாலைகளைக் கட்டியது. மற்றதை இயற்பியலாளர்கள் சிலரே படித்தார்கள். (அந்தத் திரைகளிலும் துளி கைரல் பொருள் கலப்பார்கள். உள்ளே மூலக்கூறுகள் எல்லாம் ஒரே புரியாகத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாய்த் தெரியும்.)

1970களின் நடுவில் நுணுக்கமான வெப்ப அளவீடுகள் வந்தன. நீலத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் தனித்தனியாக வெப்பம் கைமாறியது. அளவு கொஞ்சம்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு பார்த்தால் நீலம் ஒன்றல்ல, மூன்று: கனசதுர அணிக்கோவை கொண்ட இரண்டு, ஒழுங்கற்ற மூன்றாவது ஒன்று. மூன்றாவதற்கு நீல மூடுபனி என்று செல்லப்பெயர். முறுக்கின் உயரத்தைப் பொறுத்துப் பச்சையாக, சிவப்பாகத் தெரிகிற ‘நீல’ நிலைகளும் உண்டு. பெயர் மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் கனசதுரம் எதனால் ஆனது? உப்பில் அயனிகள் அடுக்கியிருக்கும். இங்கே அடுக்கியிருப்பது முறுக்குகள். அதன் ஒரு கட்டம் சில நூறு நானோமீட்டர் அகலம், ஒன்றுக்குள் கோடிக்கணக்கான மூலக்கூறுகள். அவை எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை, திரவம்தானே, ஓடிக்கொண்டே இருக்கின்றன. எந்த இடத்தில் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நிலையானது. மூலக்கூறு வந்து போகும், திசை அங்கேயே இருக்கும். சாதாரணப் படிகத்தில் எக்ஸ் கதிர் செய்கிற வேலையை இங்கே கண்ணுக்குத் தெரிகிற ஒளியே செய்துவிடும், கட்டம் அவ்வளவு பெரியது. 1980களில் இதன் தனிப்படிகங்களை வளர்த்து, முகம் முகமாகப் பட்டை தீட்டிய மாதிரி நிற்பதை நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். திரவத்துக்குப் பட்டை!

ஏன் ஒரே ஒரு டிகிரி என்பதற்குப் பதில் 1981-ல் வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சுற்றி இருந்த மைபூம், சேத்னா, ஆண்டர்சன், பிரிங்க்மன் நால்வரும் எழுதிய கட்டுரை அது. சுழல் படிக்கட்டில் மூலக்கூறு ஒரே அச்சில்தான் திரும்புகிறது. உண்மையில் அதற்கு எல்லாப் பக்கத்து அண்டை மூலக்கூறுகளோடும் திரும்பிப் படுக்க ஆசை. ஒரு நடு அச்சைச் சுற்றி இது நடக்கும்: நடுவில் நேராக நிற்பவை, விலக விலக எல்லாப் பக்கமும் சாய்ந்துகொண்டே போகும். புரி புரியாகத் திரித்த தேர்வடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போல. இரட்டை முறுக்கு என்கிறார்கள். ஒரு வடத்துக்குள் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அத்தகைய வடங்களைக் கொண்டு வெளி முழுவதையும் நிரப்ப முடியாது. வடங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் இடையில் சந்துகள் விழும். அந்தச் சந்துகளில் மூலக்கூறுகளுக்கு எந்தத் திசை பார்ப்பது என்றே தெரியாது, ஒழுங்கு குலைந்துவிடும். சந்து என்றால் ஆற்றல் செலவு. முழுத்திரவமாகும் விளிம்பில், ஒழுங்கே தளர்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச இடத்தில் மட்டும் இந்தச் செலவு கட்டுப்படியாகும். கொஞ்சம் ஆறினாலும் கட்டுப்படியாகாது, எல்லாம் சாதாரணப் படிக்கட்டுக்குத் திரும்பிவிடும். ரெய்னிட்சர் கண் முன்னே நீலம் வந்த வேகத்தில் மறைந்தது இதனால்தான். வடிவவியல் ஆசைப்பட்டதை வெளி அனுமதிக்கவில்லை.

திரவப் படிகக் கோட்பாட்டில் பெரிய மனிதரான சார்ல்ஸ் ஃபிராங்க் 1983-ல், நீல நிலைகளால் பிரயோஜனம் ஒன்றும் இல்லை, இடவியல் என்கிற கணிதத்தின் விசித்திரங்களைக் கண்முன் காட்ட மட்டும் உதவும் என்ற பொருளில் சொன்னார். கிண்டலாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கென்னவோ அதில் பாதி பாராட்டு தெரிகிறது.

ஃபிராங்க் 1998-ல் காலமானார். 2002-ல் ஜப்பானில் ஹிரோட்சுகு கிகுச்சி குழுவினர் நீல நிலைக்குள் கொஞ்சம் பாலிமரை வளர்த்தார்கள். பாலிமர் போய் அந்தச் சந்துகளில் உட்கார்ந்துகொண்டது. ஒழுங்கு குலைந்த இடத்தை வேறு ஒருவர் அடைத்துக்கொண்டதால் செலவு மிச்சம். ஒரு டிகிரி சந்து, அறை வெப்பத்தையும் சேர்த்து 60 டிகிரிக்கு மேல் விரிந்தது. 2005-ல் கேம்பிரிட்ஜில் ஹாரி கோல்ஸும் மிகாயில் பிவ்னென்கோவும் பாலிமரே இல்லாமல், மூலக்கூறுத் தேர்வாலேயே 16-லிருந்து 60 டிகிரி வரை நிற்கிற ஒன்றைச் செய்தார்கள்.

2008-ல் சாம்சங் நிறுவனம் நீல நிலையில் இயங்கும் 15 அங்குலத் திரை ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. நெமாட்டிக் திரையைவிடப் பல மடங்கு வேகம். அணைத்தால் தானாகவே இருட்டு, ஏனென்றால் குறுக்கு வடிகட்டிகளுக்கு நடுவில் நீல நிலை ஒளிராது. நூறு வருடம் எது அதை மறைத்து வைத்ததோ, அதுவே இங்கே விற்பனைக் குணம். ஆனால் இயக்க அதிக மின்னழுத்தம் கேட்டது. அதற்குள் ஓஎல்இடி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடைக்குப் போய் நீல நிலை டிவி ஒன்று காட்டுங்கள் என்று கேட்டால், நீல நிற டிவியைத்தான் தேடுவார்கள்.